கைமாறி வரும் டைம்ஷேர்: தரகரிடம் விலை பேசுவது

டைம்ஷேர் மெம்பர்ஷிப்பைப் புதிதாக வாங்குகிறவருக்குப் பேரம் என்பதே கிடையாது. சேலத்திலோ ஓசூரிலோ ஒரு ஓட்டல் அரங்கில் கணவன் மனைவியாக வரச்சொல்லி, சாப்பாடு போட்டு, ‘இன்றைக்கு மட்டும்’ என்று ஒரு தள்ளுபடியைக் காட்டுவார்கள். விலையை வைத்தவர்களும் அவர்களே, குறைத்தவர்களும் அவர்களே. உண்மையான பேரம் அந்த மெம்பர்ஷிப் இரண்டாவது கைக்கு வரும்போதுதான் தொடங்குகிறது. தர்மபுரி மாவட்டத்து அரூர் மாதிரி ஊரில் உட்கார்ந்துகொண்டு சென்னைத் தரகரிடமோ பெங்களூர்த் தரகரிடமோ போனிலேயே அந்தப் பேரத்தை நடத்துகிறவருக்காக எழுதியது இந்த அத்தியாயம்.

யார் விற்கிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பாதி பேரம் அதிலேயே இருக்கிறது. இந்தியாவில் இந்த வியாபாரத்துக்கு நாற்பது வயது ஆகிறது. 1986இல் சென்னையில் தொடங்கிய ஸ்டெர்லிங், கொடைக்கானலில் ரிசார்ட் கட்டி வாரக் கணக்கில் விற்றது. 1996இல் மகிந்திரா குழுமம் கிளப் மகிந்திராவைத் தொடங்கியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஆசையாக வாங்கியவர்கள் பலருக்கு இப்போது அறுபது, எழுபது வயது. பிள்ளைகள் வெளிநாட்டில். மலைப்பாதை வளைவு ஏறினால் தலை சுற்றுகிறது. ஆனால் போனாலும் போகாவிட்டாலும் வருஷக் கட்டணத்துக்கான பில் மட்டும் தவறாமல் வருகிறது. மெம்பர்ஷிப் மேல் வெறுப்பு வந்து யாரும் விற்பதில்லை. அந்த பில்லிலிருந்து தப்பிக்கத்தான் விற்கிறார்கள். ஆகவே அடுத்த பில் வருவதற்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் இருக்கும்போது பேச்சைத் தொடங்குகிறவருக்கு விலை இறங்கும். பில் கட்டிய மறுநாள் கேட்டால் ‘இப்பத்தானே கட்டினேன்’ என்று அந்தத் தொகையும் விலையில் ஏறிவிடும். எந்த மாதம் பில் வரும் என்பதைத் தரகரிடம் முதல் போனிலேயே சாதாரணமாகக் கேட்டுவையுங்கள்.

அடுத்தது, வாங்குகிற பொருள் என்ன? கிளப் மகிந்திராவின் 25 வருஷத் திட்டத்தில் வருஷத்துக்கு 7 இரவு. சீசனை நிறமாகப் பிரித்திருக்கிறார்கள்: உச்ச சீசனுக்கு ஊதா, அதற்கடுத்து சிவப்பு, பிறகு வெள்ளை, கடைசியில் நீலம். அறையில் ஸ்டூடியோ, ஒரு படுக்கையறை, இரண்டு படுக்கையறை என்று படிகள். வேறு திட்டங்களில் இரவுக்குப் பதில் பாயிண்ட். வருஷத்துக்கு இத்தனை பாயிண்ட் கணக்கில் ஏறும்; மே மாத ஊட்டிக்கு அதிகம் கழியும், ஜூலை மழையில் கொஞ்சம்தான் கழியும். எதுவானாலும் நீங்கள் வாங்குவது கட்டடத்தில் பங்கு அல்ல, மீதி இருக்கும் வருஷங்களுக்குத் தங்கும் உரிமை மட்டுமே. பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதியும் சொத்தைப் போல இது நாளாக நாளாக விலை ஏறாது. ஒவ்வொரு வருஷமும் தேய்ந்துகொண்டே போகும். ‘அவர் அஞ்சு லட்சம் குடுத்து வாங்கினது சார்’ என்று தரகர் சொன்னால் அது பழைய கதை என்று விட்டுவிடுங்கள். அந்த எண்ணுக்கு உங்கள் கணக்கில் இடமே இல்லை.

நிறத்தைப் பற்றி அரூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கம் வாங்க நினைக்கிறவர்களில் ஆசிரியர் வீடுகளும், வேலைக்காக ஓசூர், பெங்களூர் போன பிள்ளைகளின் வீடுகளும் நிறைய. ஆசிரியருக்கு லீவு மே மாதமும் பண்டிகை நாட்களும்தான். அப்போது நீல நிற மெம்பர்ஷிப்பை வைத்துக்கொண்டு புக் செய்வது கஷ்டம். மலிவாகக் கிடைக்கிறதே என்று நீலத்தை வாங்கிவிட்டு, லீவு இல்லாத மாதத்தில் ஊருக்குப் போகத் தவிக்கிறவர்கள் உண்டு. ஐ.டி. வேலையில் இருப்பவருக்கோ, ஓய்வு பெற்றவருக்கோ அதே நீலம் நல்ல சரக்கு. இன்னொன்றும் இருக்கிறது. ஏற்காட்டுக்காக யாரும் மெம்பர்ஷிப் வாங்க வேண்டாம். பாப்பிரெட்டிப்பட்டி, மஞ்சவாடி கணவாய் வழியாகப் போய், சேலத்துக்குள் நுழையாமல் குப்பனூரிலேயே மேலே ஏறிவிடலாம். காலையில் கிளம்பி ஏரியில் படகு விட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிற இடம் அது. தரகர் ‘உங்க ஊருக்குப் பக்கத்துலயே ரிசார்ட் இருக்கு’ என்றால், அது அவருக்கு விற்பனைப் பேச்சு. உங்களுக்கு விலையைக் குறைக்கக் காரணம். உங்களுக்குப் பணம் மிச்சமாவது மூணாறு, கூர்க், கோவா மாதிரி கட்டாயம் அறை எடுத்தே ஆகவேண்டிய ஊர்களில்தான்.

இப்போது கணக்கு. கீழே வரும் தொகைகள் உதாரணத்துக்கு வைத்தவை. உங்கள் தொகைகளைப் போட்டு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், தரகருக்குப் போன் செய்வதற்கு முன்பே.

விற்பவர் கேட்பது ரூ.2,40,000. மீதி 12 வருஷம். வருஷக் கட்டணம் ஜி.எஸ்.டி. சேர்த்து ரூ.18,000, ஆக 12 வருஷத்துக்கு ரூ.2,16,000. பெயர் மாற்ற நிறுவனம் வாங்குவது ரூ.30,000. எல்லாம் சேர்ந்து ரூ.4,86,000. வருஷத்துக்கு 7 இரவு என்றால் மொத்தம் 84 இரவு. ஓர் இரவுக்கு ரூ.5,786 ஆகிறது. அதே தரத்து அறை, நீங்கள் போகும் நாட்களில், ஓட்டல் புக்கிங் செயலியில் ரூ.4,500க்குக் கிடைக்கிறது என்று வைப்போம். இப்படிப் பார்த்தாலே அந்த விலை கட்டாது என்பது தெரிந்துவிடும். ஆனால் பேரத்துக்கு இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடவேண்டும். 84 இரவின் மதிப்பு 84 பெருக்கல் 4,500, அதாவது ரூ.3,78,000. அதில் வருஷக் கட்டணத்தையும் மாற்றக் கட்டணத்தையும் சேர்த்து ரூ.2,46,000 கழியுங்கள். மிச்சம் ரூ.1,32,000. விற்பவருக்கு நீங்கள் தரக்கூடிய உச்ச விலை இதுதான். இதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்தாலும் ஓட்டலில் தங்குவதே லாபம்.

இத்தோடு நிறுத்தக் கூடாது. வருஷம் தவறாமல் 7 இரவும் போகிற குடும்பம் எத்தனை? ஒரு வருஷம் பிரசவம், ஒரு வருஷம் பிள்ளைக்கு பன்னிரண்டாம் வகுப்பு, ஒரு வருஷம் வீட்டில் துக்கம். சராசரியாக 5 இரவு என்று நேர்மையாகப் போட்டால் 60 இரவு, மதிப்பு ரூ.2,70,000. அதே ரூ.2,46,000ஐக் கழித்தால் மிச்சம் ரூ.24,000. வருஷத்துக்கு இரண்டு இரவு குறைந்ததும் ஒரு லட்சத்துக்கு மேல் உச்ச விலை விழுந்துவிட்டது. 4 இரவுதான் போவீர்கள் என்றால் மதிப்பு ரூ.2,16,000, மெம்பர்ஷிப்பை விற்பவர் சும்மா கொடுத்தாலும் உங்களுக்கு ரூ.30,000 கைநஷ்டம். கட்டணம் ஏறுமே, ஓட்டல் வாடகையும் ஏறுமே என்று கேட்பீர்கள். இரண்டும் ஏறும், அதனால்தான் இரண்டையும் இன்றைய விலையிலேயே வைத்தேன். ஆக, விலையைத் தீர்மானிப்பது விற்பவர் கேட்கும் தொகையை விட வருஷக் கட்டணமும், நீங்கள் உண்மையில் எத்தனை இரவு தங்குவீர்கள் என்பதும்தான். இரண்டையும் தரகர் தானாகப் பேச்சில் எடுக்க மாட்டார்.

இனி தரகர். புழுதியூர்ச் சந்தையில் புதன்கிழமை மாடு பிடித்தவர்களுக்குத் தெரியும்: துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத் தரகர் விலை பேசுவார், விற்கிறவர் சொன்ன விலை வாங்குகிறவர் காதுக்கு வராது. டைம்ஷேர் தரகரின் துண்டு அவருடைய போன். விற்பவரிடம் ‘ஒரு லட்சத்துக்கு மேல யாரும் கேக்கல’ என்பார். நம்மிடம் ‘ரெண்டு நாப்பதுக்குக் கீழ இறங்க மாட்டேங்கறாங்க’ என்பார். நடுவில் இருப்பது அவருக்கு. இது மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. தரகு என்ற தொழில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் சந்தையில் மாட்டுக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளி நிற்கிறார், டீக்கடையில் பேச்சுக் கொடுத்தால் உண்மை விலை வெளியே வந்துவிடும். இங்கே விற்பவர் அண்ணாநகரிலோ ஜெயநகரிலோ இருக்கிறார். அதனால் முதல் பேச்சிலேயே தரகைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“சார், அந்த அம்மா மூணு லட்சம் சொன்னாங்க. நான் பேசி ரெண்டு நாப்பதுக்குக் கொண்டாந்திருக்கேன்.”

“சரிங்க. அதுல உங்க கமிஷன் சேர்ந்திருக்கா, தனியா?”

“அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க சார்.”

“அப்படின்னா எங்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டீங்கன்னு வாட்ஸ்அப்ல ஒரு வரி போட்டுடுங்க. இல்ல, எனக்கும் கமிஷன் உண்டுன்னா எவ்வளவுன்னு இப்பவே சொல்லிடுங்க. பேர் மாறின அன்னிக்கு மொத்தமாக் குடுத்துடறேன்.”

பெயர் மாறிய அன்றுதான் கமிஷன் என்பதில் பிடிவாதமாக இருங்கள். முன்பணமாகக் கமிஷன் வாங்கிய தரகருக்கு அதற்குப் பிறகு உங்கள் வேலையில் அவசரம் இருக்காது. கமிஷனுக்கு ஜி.எஸ்.டி. போடுகிறேன் என்றால் அவருடைய ஜி.எஸ்.டி. எண்ணைக் கேளுங்கள். பதினைந்து எழுத்துகளும் எண்களும் கலந்திருக்கும்; தமிழ்நாட்டில் பதிந்தவர் என்றால் 33இல் தொடங்கும். அரசின் ஜி.எஸ்.டி. தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பெயர் வந்துவிடும். பெயர் வராவிட்டால் ஜி.எஸ்.டி.யும் இல்லை.

எல்லாத் தரகரும் தவறாமல் சொல்லும் ஒரு வரி உண்டு. “இன்னொரு பார்ட்டி நாளைக்கு அட்வான்ஸ் போடறேங்கறார்.” இதற்கு ஒரே பதில்தான்: “நல்லதுங்க. அவருக்கே முடிச்சுக் குடுங்க. முடியலேன்னா என்னைக் கூப்பிடுங்க.” கோபமோ கேலியோ இல்லாமல் சொல்லவேண்டும். அந்த இன்னொரு பார்ட்டி நிஜமாகவே இருந்தால் உங்களுக்கு ஒன்றும் போகவில்லை. இதே மாதிரி மெம்பர்ஷிப் வேறு நிறையக் கிடக்கிறது. இல்லையென்றால் தரகரே திரும்பக் கூப்பிடுவார், அதுவும் பெரும்பாலும் குறைந்த விலையோடு.

விலையை எப்படிச் சொல்வது? 2,40,000 கேட்கிறவரிடம் ‘அறுபதுதான் தருவேன்’ என்று மொட்டையாகச் சொன்னால் அவருக்கு அவமானமாக இருக்கும். அஞ்சு லட்சம் போட்டவர் அல்லவா! விலைக்குப் பதிலாகக் கணக்கையே அனுப்புங்கள். மீதி வருஷம், இரவு, கட்டணம், ஓட்டல் வாடகை எல்லாம் ஒரு பக்கத்தில். தரகர் அதை விற்பவருக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று கேளுங்கள். விற்பவர்களில் பெரும்பாலானவர்கள் தங்கள் மெம்பர்ஷிப்பை இப்படி ஒரு தாளில் பார்த்ததே கிடையாது. அந்தத் தாளைப் பார்த்த பிறகு வரும் பதில் வேறு தொனியில் இருக்கும்.

தொகையில் மட்டும் முட்டிக்கொண்டு நிற்காதீர்கள். பேச வேறு நான்கைந்து விஷயங்கள் இருக்கின்றன. மாற்றக் கட்டணம் யார் தலையில்? நடப்பு வருஷக் கட்டணம் யாருடையது? பழைய பாக்கி இருந்தால் யார் கட்டுவது? எல்லாவற்றையும் விடப் பெரியது, சேர்ந்திருக்கும் இரவுகள். விற்பவர் இரண்டு வருஷம் போகாமல் 14 இரவு சேர்ந்திருந்தால், நம் கணக்கில் அதன் மதிப்பு ரூ.63,000. ‘இந்த வருஷத்து 7 இரவும், சேர்ந்த 14 இரவும் என் பெயருக்கு வரும் என்றால் விலையை ஏற்றித் தருகிறேன்’ என்று சொல்லலாம். விற்பவருக்கு அவை எப்படியும் வீணாகப் போகிறவை, உங்களுக்குக் காசு. ஆனால் பெயர் மாறும்போது பழைய இரவுகள் கூடவே மாறுமா, அழிந்துவிடுமா என்பது ஒவ்வொரு திட்டத்திலும் வேறு. அதை நிறுவனம் எழுத்தில் சொல்லவேண்டும், தரகர் வாயால் சொன்னால் போதாது. வெளிநாட்டு ரிசார்ட்டுகளோடு மாற்றிக்கொள்ளும் ஆர்.சி.ஐ. வசதியும் இப்படித்தான்: முதல் உறுப்பினருக்கு இருந்தது இரண்டாவது கைக்கு வருமா என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் டிஸ்னி வெகேஷன் கிளப் பாயிண்ட் பற்றிப் பேச்சு வரும். 1991இல் தொடங்கிய திட்டம் அது. அங்கே செகண்ட் ஹேண்ட் சந்தை நன்றாக முற்றியிருக்கிறது. ஒரு பாயிண்டுக்கு இத்தனை டாலர் என்றுதான் பேரம். பேரம் படிந்த பிறகும், அதே விலைக்குத் தானே எடுத்துக்கொள்ளும் உரிமை டிஸ்னிக்கு உண்டு. அதனால் அடிமட்ட விலைக்குக் கேட்கிறவர் வாரக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் கை நழுவவிடவும் நேரும். 2019 ஜனவரி 19 முதல் பழைய ரிசார்ட்டுகளின் பாயிண்டைச் செகண்ட் ஹேண்டாக வாங்கியவர்கள் அதைக் கொண்டு ரிவியேரா போன்ற புது ரிசார்ட்டுகளில் தங்க முடியாது என்றும் விதி வந்துவிட்டது. ஒரே பாயிண்டுக்கு முதல் கையில் ஒரு மதிப்பு, இரண்டாவது கையில் ஒரு மதிப்பு. அங்கே நமக்குப் பிடித்த வழக்கம் ஒன்று இருக்கிறது: பணம் விற்பவர் கைக்கு நேராகப் போவதில்லை, நடுவில் ஒரு நிறுவனம் வைத்திருந்து, உரிமை மாறிய பிறகுதான் விடுவிக்கும். நம் ஊரில் அந்த ஏற்பாடு இல்லாததால் அதை நாமே உண்டாக்கிக்கொள்ளவேண்டும்.

அதாவது, பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுப்பது. விலை பேசி முடிந்ததும் அட்வான்ஸ் கேட்பார்கள். அதற்கு முன் விற்பவரோடு ஒரு வீடியோ கால் வைத்து, அவர் நிறுவனத்தின் செயலியில் லாகின் செய்து காட்டவேண்டும். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், ஸ்கிரீன்ஷாட்டில் எண்ணை மாற்ற இரண்டு நிமிஷம் போதும். திரையில் பார்க்கவேண்டியவை: உறுப்பினர் பெயர், கூட்டுப் பெயர் இருந்தால் அதுவும், முடியும் தேதி, நிறம், அறை வகை, மீதி இரவு, பாக்கித் தொகை. மெம்பர்ஷிப்பை இ.எம்.ஐ.யில் எடுத்திருந்தால் கடன் முடிந்திருக்கவேண்டும். கணவர் பெயரில் இருந்து அவர் காலமாகியிருந்தால், வாரிசுச் சான்றிதழோடு மனைவி பெயருக்கு முதலில் மாறவேண்டும். அதன் பிறகே உங்களுக்கு. ‘ரெண்டையும் ஒண்ணா முடிச்சுடலாம் சார்’ என்பார் தரகர். முடியாது.

இதையெல்லாம் பார்த்த பிறகு ஒரு சிறு தொகையை டோக்கனாக, விற்பவர் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்குப் போடுங்கள். தரகருடைய கணக்குக்கோ, ‘மருமகன் கணக்கு’ என்று ஒன்றுக்கோ போடக் கூடாது. மாற்ற விண்ணப்பத்தில் இருவரும் கையெழுத்திட்டு, நிறுவனம் அதை ஏற்று மின்னஞ்சல் அனுப்பியதும் அடுத்த பங்கு. உங்கள் பெயரில் புது மெம்பர்ஷிப் எண் வந்ததும் மீதி. இந்த வரிசையையும், மாற்றம் நிராகரிக்கப்பட்டால் டோக்கன் எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தமாக எழுதி, விற்பவர் கையெழுத்தோடு கூரியரில் வாங்குங்கள். கச்சேரிமேட்டிலோ தாலுகா ஆபீஸ் பக்கத்திலோ பத்திரம் எழுதுகிறவர் எழுதித் தருவார். என்னென்ன நிபந்தனை வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் எழுதிக்கொண்டு போகவேண்டும்.

ஒருவேளை தகராறு வந்தால்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சென்னைத் தரகர் மேலும் தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடலாம், இரண்டு வருஷத்துக்குள். கமிஷன் வாங்கிக்கொண்டு சேவை செய்தவர் என்பதால் தரகர் அந்தச் சட்டத்துக்குள் வருவார். ஆனால் தன் சொந்த மெம்பர்ஷிப்பை ஒரு தடவை விற்ற தனிநபர் வியாபாரி அல்ல. அவர் மேல் சிவில் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டியிருக்கும். தரகரோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சை அழிக்காமல் வைத்திருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம், செலவில்லை.

இரண்டு வகைத் தரகர்களோடு பேரமே வேண்டாம். ஒருவர், மெம்பர்ஷிப்பை முதலீடு என்று பேசுகிறவர். ‘தங்காவிட்டால் முடிவில் பணம் வட்டியோடு வரும்’ என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு பான்கார்டு கிளப்ஸ் இருக்கிறது. அறை இரவுகள் என்ற பெயரில் 51 லட்சம் பேருக்கு மேல் பணம் போட்டிருந்தார்கள்; அது கூட்டு முதலீட்டுத் திட்டம்தான் என்று சொல்லி, ரூ.7,035 கோடியைத் திருப்பித் தரும்படி 2016 பிப்ரவரியில் செபி உத்தரவிட்டது. அப்படிப்பட்ட பழைய ரசீதுகளை ‘மலிவா வாங்கிப் போடுங்க’ என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். இன்னொருவர், நீங்கள் வாங்கிய ஆறாவது மாதத்திலேயே ‘உங்க மெம்பர்ஷிப்புக்கு நாலு லட்சத்துக்கு ஆள் இருக்கு, என்.ஓ.சி. சார்ஜ் மட்டும் முன்னாடியே கட்டிடுங்க’ என்று கூப்பிடுகிறவர். உங்கள் எண் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பணம் போயிருந்தால் அந்த மணி நேரத்திலேயே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் வங்கியில் தொகையை நிறுத்திவைக்க வழி உண்டு.

பெயர் மாறிய மின்னஞ்சல் வந்ததும் மீதிப் பணத்தைப் போடுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உங்கள் செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் நிறுவனத்தின் கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்த்து, நீங்களே லாகின் செய்து, ஏதாவது ஒரு ரிசார்ட்டில் வார நாளில் ஓர் இரவு புக் செய்து பாருங்கள். ஓ.டி.பி. இன்னும் பழைய உறுப்பினரின் போனுக்கே போகிறது என்றால் மாற்றம் முடியவில்லை. மீதியும் கமிஷனும் அதுவரை உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.